நகலில் மறையும் குறி: டிஎன்ஏ காரங்களின் வேதி மாற்றங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1948இல் ரோலின் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டிஎன்ஏவைச் சிதைத்து, கிடைத்த காரங்களை, அதாவது டிஎன்ஏவின் எழுத்துகளை, காகிதத்தில் ஓடவிட்டுப் பிரித்தார். பள்ளிப் பாடத்தில் வரும் காகித வண்ணப்பிரிகைதான் அது. ஒவ்வொரு காரமும் காகிதத்தில் தனக்குரிய தூரம் ஏறி நிற்கும். அடினின், குவானின், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கும் எதிர்பார்த்த இடங்களில் நின்றன. அவற்றோடு, எதிர்பாராத ஐந்தாவதாக ஒன்றும் சிறிதளவு தென்பட்டது. ஆர்என்ஏவில் தைமினுக்குப் பதிலாக வரும் காரமான யுராசிலோடு ஒப்பிட்டால் தைமின் எவ்வளவு தள்ளி நிற்குமோ, ஏறத்தாழ அதே அளவு அது சைட்டோசினிலிருந்து தள்ளி நின்றது. யுராசிலில் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்தால் தைமின். அப்படியானால் இது மெத்தில் சேர்ந்த சைட்டோசினாக இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். இரட்டைச் சுருள் வடிவம் வெளியாவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே இது நடந்துவிட்டது.

அந்தச் சிறு பொருளின் பெயர் 5-மெத்தில்சைட்டோசின். சைட்டோசின் வளையத்தின் 5ஆம் கார்பனில் வழக்கமாக ஒரு ஹைட்ரஜன் இருக்கும். அதை நீக்கிவிட்டு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதியை வைத்தால் மாற்றம் முடிந்தது. கூடிய நிறை 14 அலகுகள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொகுதி உட்காரும் இடம் முக்கியமானது. குவானினோடு கைகோக்கும் பக்கத்தில் அது இல்லை. சுருளின் வெளிப்புறம் நோக்கிய அகலமான பள்ளத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆகவே மெத்தில் ஏறிய சைட்டோசினும் குவானினோடுதான் இணையும், மரபுச் செய்தி ஓர் எழுத்துகூட மாறாது. அதே சமயம், அந்தப் பள்ளத்தைத் தடவிப் படிக்கும் புரதங்களுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்த ஒரே அமைப்பிலிருந்துதான் துறையின் முழுச் சிக்கலும் பிறக்கிறது என்பது என் எண்ணம். செல்லுக்குத் தெரியும் குறி, நம் கருவிகளுக்குத் தெரிவதில்லை. ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பெருக்கப் பயன்படும் பிசிஆர் முறையில், பாலிமரேஸ் நொதி ஒவ்வொரு காரத்துக்கும் எதிரே பொருந்தும் காரத்தை வைத்துக்கொண்டே போகும். மெத்தில் ஏறிய சைட்டோசினுக்கு எதிரே குவானின். வெறும் சைட்டோசினுக்கு எதிரேயும் குவானின். அடுத்த சுற்றில் அந்தக் குவானினுக்கு எதிரே வருவது சோதனைக் குழாயில் நாம் ஊற்றிவைத்த வெறும் சைட்டோசின். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் படியெடுத்தவர்களின் சுவடியைப் போல, எழுத்துகளெல்லாம் சரியாக வந்துசேரும், புள்ளிகள் மட்டும் வராது. இனி வரப்போகும் எந்த முறையைப் படித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: நகலெடுப்பதற்கு முன் இந்தக் குறியை எப்படிக் காப்பாற்றினார்கள்?

எத்தனை வகைக் குறிகள்?

முறைகளுக்குள் போவதற்கு முன், எதைத் தேடுகிறோம் என்று கொஞ்சம் பார்ப்போம். பாக்டீரியாக்களில் மூன்று குறிகள் பரவலாக உள்ளன: 6-மெத்தில்அடினின், 4-மெத்தில்சைட்டோசின், 5-மெத்தில்சைட்டோசின். இவற்றின் பழமையான வேலை தற்காப்பு. பாக்டீரியா தன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்துத் தொடர்களில் மெத்தில் வைத்துக்கொள்ளும். அதே தொடர் மெத்தில் இல்லாமல் வந்தால் வெட்டிப்போடும் நொதியையும் வைத்திருக்கும். உள்ளே நுழையும் வைரஸின் டிஎன்ஏவில் குறி இல்லை, எனவே அது துண்டாகும். இந்த வெட்டும் நொதிகளைக் கண்டறிந்ததற்கும் பயன்படுத்தியதற்கும் வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ்களும் சும்மா இருக்கவில்லை. டி4 என்ற பாக்டீரியாபேஜ் தன் சைட்டோசின்கள் அனைத்தையும் ஹைட்ராக்சிமெத்தில் வடிவத்துக்கு மாற்றி, அதன் மேல் குளுக்கோஸையும் ஒட்டி, வெட்டும் நொதிகளுக்குப் பிடிகொடுக்காமல் நழுவுகிறது.

ஈகோலை பாக்டீரியாவில் 6-மெத்தில்அடினின் இன்னொரு நுணுக்கமான வேலையைச் செய்கிறது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது பிழை நேர்ந்தால், பொருந்தாத இரண்டு காரங்கள் எதிரெதிரே நிற்கும். இரண்டில் எது மூலம், எது புதிதாக எழுதப்பட்ட பிழை? வேதியியலால் மட்டும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஜிஏடிசி என்ற தொடர் (ஏ அடினின், சி சைட்டோசின், ஜி குவானின், டி தைமின்) வரும் இடமெல்லாம் பழைய இழையின் அடினினில் மெத்தில் இருக்கும். புதிய இழையில் இன்னும் மெத்தில் ஏறியிருக்காது. பழுதுபார்க்கும் நொதிகள் மெத்தில் இல்லாத இழையை வெட்டித் திருத்துகின்றன. அந்தச் சில நிமிட இடைவெளியே பாக்டீரியாவுக்குப் பிழைதிருத்தும் நேரம்.

மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளில் அரசாள்வது 5-மெத்தில்சைட்டோசின். அது பெரும்பாலும் ஒரே வகை இடத்தில்தான் இருக்கும்: ஓர் இழையில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடம். ஆய்வாளர்கள் இதைச் சிபிஜி இடம் என்பார்கள். மனித மரபணுத்தொகுதியில் இப்படிப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 2.8 கோடி. அவற்றில் 70 முதல் 80 சதவீதம் வரை மெத்தில் ஏறியவை. சிபிஜி என்ற தொடரின் அழகு, எதிர் இழையிலும் அதே தொடர்தான் திருப்பிப் படிக்கக் கிடைக்கும் என்பது. எனவே இரு இழைகளிலும் மெத்தில் இருக்கும் இடம் இரட்டித்தால், பழைய இழையில் மட்டும் மெத்தில் உள்ள அரைகுறை இடமாக மாறும். டிஎன்எம்டி1 என்ற நொதி அப்படிப்பட்ட அரைகுறை இடங்களைத் தேடி, புதிய இழையிலும் மெத்திலை வைத்து நிரப்புகிறது. பிசிஆர் குழாயில் அழிந்துபோகும் குறி, செல்லுக்குள் தலைமுறை தாண்டிப் பிழைப்பது இப்படித்தான். 1975இல் ஹாலிடேயும் பியூவும் ஒரு கட்டுரையிலும், ரிக்ஸ் தனியாக இன்னொரு கட்டுரையிலும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். அப்போது அந்த நொதி கையில் கிடைக்கவில்லை. கருத்து முதலில் வந்தது, நொதி பின்னால் வந்தது.

மெத்தில் ஏறினால் மரபணு அணைந்துவிடும் என்று பல அறிமுகங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். இது பாதி உண்மை. மரபணுவின் தொடக்கத்தில், அதை இயக்கிவைக்கும் புரமோட்டர் பகுதியில் சிபிஜிக்கள் நெருக்கமாக இருந்து அவற்றில் மெத்தில் ஏறினால், மரபணு பெரும்பாலும் மௌனமாகும். ஆனால் நன்றாக இயங்கும் மரபணுக்களின் உடற்பகுதியில் மெத்தில் நிறையவே இருக்கும். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் பொருள் சொல்ல முடியாது.

இந்தக் குறி அழிக்க முடியாததும் அல்ல. 2009இல் இரண்டு குழுக்கள், பாலூட்டிகளின் டிஎன்ஏவில் 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின் இருப்பதைக் காட்டின. டெட் என்ற நொதிக் குடும்பம் மெத்திலை ஆக்சிஜனேற்றி அதை உண்டாக்குகிறது; மேலும் ஆக்சிஜனேற்றினால் பார்மில் வடிவம், பிறகு கார்பாக்சில் வடிவம். கடைசி இரண்டையும் பழுதுபார்க்கும் நொதிகள் பிடுங்கி எறிந்து, வெறும் சைட்டோசினை வைத்துவிடும். ஹைட்ராக்சிமெத்தில் வடிவம் நரம்பு செல்களில் குறிப்பிடத்தக்க அளவில் சேர்ந்திருக்கிறது.

இவையெல்லாம் செல் வேண்டுமென்று வைக்கும் குறிகள். வேண்டாமலே நேரும் மாற்றங்களும் உண்டு. குவானின் ஆக்சிஜனேறி 8-ஆக்சோகுவானின் ஆனால், அது அடினினோடு இணையத் தொடங்கும். சரிசெய்யாவிட்டால் இரண்டு சுற்றில் ஒரு ஜி இருந்த இடத்தில் டி வந்து நிற்கும். மெத்திலுக்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. சைட்டோசின் தானாகவே அமைன் தொகுதியை இழந்து யுராசிலாக மாறுவது அவ்வப்போது நடக்கும். யுராசில் டிஎன்ஏவில் இருக்கக் கூடாத பொருள் என்பதால் பழுதுபார்க்கும் நொதிகள் எளிதில் அடையாளம் காணும். ஆனால் மெத்தில் ஏறிய சைட்டோசின் அதே இழப்பைச் சந்தித்தால் தைமினாக மாறும். தைமின் முறையான எழுத்து. அதைத் தப்பு என்று பிடிப்பது கடினம். பரிணாமக் காலம் முழுவதும் இந்தக் கசிவு நடந்ததால், மனித டிஎன்ஏவில் சிபிஜி தொடர்கள் கணக்குப்படி இருக்க வேண்டியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கின்றன. புற்றுநோயில் அடிக்கடி திரியும் பி53 மரபணுவின் மாற்றங்களில் பலவும் சிபிஜி இடங்களிலேயே விழுகின்றன.

எடை பார்ப்பது, வெட்டிப் பார்ப்பது

மிக நேரடியான வழி, டிஎன்ஏவை நொதிகளால் தனித்தனி நியூக்ளியோசைடுகளாக (ஒரு காரமும் ஒரு சர்க்கரையும் சேர்ந்த அலகுகளாக) உடைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்ப்பது. சைட்டோசின் தாங்கிய நியூக்ளியோசைடின் நிறை 227. மெத்தில் ஏறினால் 241. ஹைட்ராக்சிமெத்தில் என்றால் 257. கருவிக்கு இவை மூன்று வெவ்வேறு பொருள்கள். நகலெடுப்பதே இல்லை என்பதால் குறி தொலையும் பேச்சும் இல்லை. அளவிடுவதில் இதைத் தரமானதாகவே கருத வேண்டும். புதிய குறி ஒன்றைக் கண்டதாக யாராவது சொன்னால், முதலில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தார்களா என்று கேட்பது நியாயம். ஆனால் டிஎன்ஏவைப் பொடியாக்கிவிட்டோம். எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருந்தது என்ற செய்தி அத்தோடு போயிற்று.

இடம் தெரிய வேண்டுமானால் பாக்டீரியாவின் ஆயுதத்தையே கடன் வாங்கலாம். ஹெச்பிஏ2, எம்எஸ்பி1 என்று இரண்டு வெட்டும் நொதிகள் உள்ளன. இரண்டும் சிசிஜிஜி என்ற ஒரே தொடரைத்தான் வெட்டும். உள்ளே இருக்கும் சைட்டோசினில் மெத்தில் இருந்தால் ஹெச்பிஏ2 வெட்டாது. எம்எஸ்பி1 அதைப் பொருட்படுத்தாமல் வெட்டிவிடும். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டு நொதிகளிலும் போடுங்கள். இரண்டிலும் வெட்டுப்பட்டால் அங்கே மெத்தில் இல்லை. எம்எஸ்பி1 மட்டும் வெட்டியிருந்தால் மெத்தில் இருக்கிறது. இரண்டுமே வெட்டாவிட்டால் அந்தத் தொடரே அங்கு இல்லாமல் போயிருக்கலாம், அல்லது சோதனை கெட்டுப்போயிருக்கலாம். இந்த மூன்றாவது நிலையைக் காட்டிக்கொடுப்பதால்தான் இந்த ஜோடி எனக்குப் பிடிக்கும். ஹெச்பிஏ2 மட்டும் கையில் இருந்தால், நொதி வேலை செய்யாததையும் மெத்தில் இருப்பதாகவே படித்திருப்போம். குறை என்னவென்றால், சிசிஜிஜி வரும் இடங்களைத் தவிர வேறெதையும் இது காட்டாது.

மெத்தில் ஏறிய சைட்டோசினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு அந்தத் துண்டுகளை மட்டும் அள்ளியெடுப்பது இன்னொரு வழி. மலிவானது, ஒட்டுமொத்த நிலவரத்தைக் காட்டும். ஆனால் துண்டுக்குள் எந்த எழுத்தில் குறி என்று சொல்லாது.

பைசல்பைட்: குறியை எழுத்தாக மாற்றுதல்

1970இல் சோடியம் பைசல்பைட் சைட்டோசினை யுராசிலாக மாற்றும் என்று கண்டறியப்பட்டது. பைசல்பைட் சைட்டோசின் வளையத்தின் 6ஆம் இடத்தில் ஒட்டும், அதனால் அமைன் தொகுதி எளிதில் கழன்றுபோகும், பிறகு காரத்தன்மையுள்ள (அமிலத்துக்கு எதிரான) கரைசலில் பைசல்பைட்டை நீக்கினால் யுராசில் மிஞ்சும். 5ஆம் இடத்தில் மெத்தில் இருந்தால் இந்த வினை மிக மெதுவாகவே நடக்கும். 1992இல் மரியான் ஃபிரோமரும் அவருடைய குழுவினரும் இந்த வேறுபாட்டை டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் முறையாக மாற்றிக் காட்டினார்கள். இன்றுவரை இந்தத் துறையில் அதிகமாகப் பயன்பட்ட முறை இதுதான்.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கையாலேயே செய்து பார்ப்போம். மூலத் தொடர்: ஏ சி ஜி டி சி ஏ சி ஜி டி. இதில் சி மூன்று இடங்களில் வருகிறது: 2ஆம், 5ஆம், 7ஆம் இடங்கள். இரண்டாவதும் ஏழாவதும் ஜிக்கு முன்னால் நிற்பதால் சிபிஜி இடங்கள். இரண்டாவதில் மட்டும் மெத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் இரட்டை இழையைப் பிரித்தாக வேண்டும். இரட்டையாக இருக்கும் சைட்டோசினைப் பைசல்பைட் தொடாது. பிறகு வினை. 5ஆம், 7ஆம் இடங்களில் உள்ள வெறும் சைட்டோசின்கள் யுராசிலாகும். 2ஆம் இடம் அப்படியே நிற்கும். இப்போது பிசிஆர் செய்தால், யுராசிலைப் பாலிமரேஸ் தைமினாகவே படிக்கும். கிடைக்கும் தொடர்: ஏ சி ஜி டி டி ஏ டி ஜி டி. இதை மூலத் தொடரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சி நின்ற இடத்தில் சியாகவே இருந்தால் மெத்தில் இருந்தது. டியாக மாறியிருந்தால் மெத்தில் இல்லை. நகலெடுக்கும்போது தொலைந்துபோகும் குறியை, நகலெடுத்தால் தொலையாத எழுத்து வேறுபாடாக முன்கூட்டியே மாற்றிவிட்டார்கள். இந்த யோசனையின் எளிமை இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

5ஆம் இடத்தைக் கவனியுங்கள். அது சிபிஜி அல்ல. பெரும்பாலான மனித செல்களில் அங்கே மெத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. அது டியாக மாறியிருப்பது, வினை ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சான்று. இன்னும் உறுதியாகத் தெரிய, மெத்திலே இல்லாத, லாம்டா பேஜ் என்ற பாக்டீரியா வைரஸின் டிஎன்ஏவைச் சிறிதளவு மாதிரியோடு கலந்துவைப்பது வழக்கம். அதில் எங்காவது சி மிஞ்சினால், அத்தனையும் வினையின் தோல்வி. இந்தச் சோதனை ஏன் அவசியம்? மனித மரபணுத்தொகுதியில் இரு இழைகளையும் சேர்த்தால் 100 கோடிக்கும் மேற்பட்ட சைட்டோசின்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மெத்தில் இல்லாதவை. மாற்றம் 99 சதவீதம் நடந்து 1 சதவீதம் தவறினாலும், 1 கோடி இடங்களில் இல்லாத மெத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

தொல்லைகளும் உண்டு. வினை நடக்கும் சூழல் கடுமையானது. டிஎன்ஏவின் பெரும்பகுதி சிதைந்துபோகும். தப்பிப்பிழைத்த துண்டுகளிலும் சி ஏறக்குறையக் காணாமல் போய், மூன்றெழுத்து மொழியாக ஆகிவிடும். நான்கெழுத்தில் வேறுபட்டிருந்த இரண்டு இடங்கள் மூன்றெழுத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம், எனவே துண்டு எங்கிருந்து வந்தது என்று கணினி தடுமாறும். மூலத்திலேயே மரபு மாற்றத்தால் சிக்குப் பதில் டி இருந்த ஒருவரின் டிஎன்ஏவில், அதை மெத்தில் இல்லாத சி என்று தவறாகப் படிக்கவும் கூடும்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் 2009க்குப் பிறகுதான் உறைத்தது. ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினும் பைசல்பைட்டுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதுவும் சியாகவே மிஞ்சும். மூளைத் திசுவில் பைசல்பைட் செய்து மெத்தில் இவ்வளவு என்று எழுதிய எண்கள் உண்மையில் இரண்டு குறிகளின் கூட்டுத்தொகை. 2012இல் இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. சங்கர் பாலசுப்ரமணியன் குழு, ஹைட்ராக்சிமெத்தில் வடிவத்தை முதலில் வேதிமுறையில் ஆக்சிஜனேற்றி, பைசல்பைட் தாக்கும் வடிவமாக மாற்றியது. அப்போது சியாக மிஞ்சுவது மெத்தில் மட்டுமே. சுவான் ஹே குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது: ஹைட்ராக்சிமெத்தில் மேல் குளுக்கோஸை ஒட்டிக் காத்துவிட்டு, மெத்திலை டெட் நொதியால் ஆக்சிஜனேற்றித் தள்ளிவிட்டால், மிஞ்சும் சியெல்லாம் ஹைட்ராக்சிமெத்தில்.

இப்போது பைசல்பைட் இல்லாமலே அதே வேலையைச் செய்யும் முறைகள் வந்திருக்கின்றன. ஒன்றில் டெட் நொதி குறிகளைக் காப்பாற்ற, அபோபெக் என்ற நொதி காப்பில்லாத சைட்டோசினை யுராசிலாக்கும். டிஎன்ஏ சிதைவு மிகக் குறைவு. 2019இல் வெளியான டேப்ஸ் முறை கணக்கைத் தலைகீழாக்குகிறது: மெத்தில் ஏறியதை மட்டும் டியாக மாற்றி, வெறும் சியைத் தொடாமல் விட்டுவிடும். மெத்தில் ஏறியவை நூற்றுக்கு நான்கைந்து சைட்டோசின்களே என்பதால், நான்கெழுத்து மொழி ஏறக்குறைய முழுதாக மிஞ்சும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதன் தர்க்கத்தையும் பைசல்பைட்டின் தர்க்கத்தையும் குழப்பிக்கொள்வது இயல்பு; எந்த முறையின் தரவு என்று பார்க்காமல் சி, டி எண்ணிக்கையைப் படித்தால் முடிவு நேர் எதிராகிவிடும்.

மூலத்தையே படித்தல்

நகலெடுப்பதுதான் பிரச்சினை என்றால், நகலெடுக்காமல் மூல மூலக்கூறையே படித்தால் என்ன? இரண்டு தொழில்நுட்பங்கள் இதைச் செய்கின்றன.

முதலாவதில் ஒரே ஒரு பாலிமரேஸ் ஒரு நுண்குழியில் அமர்ந்து, ஒளிரும் காரங்களைச் சேர்த்துச் சேர்த்து இழையை எழுதும்போது, அதை நேரலையாகப் படம்பிடிக்கிறார்கள். ஒவ்வொரு காரம் சேரும்போதும் ஓர் ஒளித்துடிப்பு. மூல இழையில் குறி இருந்தால் பாலிமரேஸ் அந்த இடத்தில் சற்றே தயங்கும். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் நீளும். எழுதப்படும் எழுத்து மாறாது, எழுதும் வேகம் மாறுகிறது. 2010இல் இது நிரூபிக்கப்பட்டது. 6-மெத்தில்அடினினுக்குத் தயக்கம் தெளிவாகத் தெரியும்; 5-மெத்தில்சைட்டோசினுக்கு மங்கலாகவே தெரியும். அதனால் அதே மூலக்கூறை வட்டமாக்கிப் பலமுறை படித்துச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது நுண்துளை முறை. ஒரு மென்படலத்தில் புரதத்தாலான நுண்துளை; இருபுறமும் உப்புக் கரைசல்; மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள் துளை வழியாக ஓடி மின்னோட்டம் உண்டாகும். டிஎன்ஏ இழை துளைக்குள் நுழைந்தால் மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறையும் என்பது துளையின் குறுகிய பகுதியில் அந்த நொடியில் நிற்கும் காரங்களைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் ஐந்து காரங்கள் பாதிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நான்கு எழுத்துகளில் 1,024 சேர்க்கைகள். மெத்தில்சைட்டோசினை ஐந்தாவது எழுத்தாகச் சேர்த்தால் அது 3,125 ஆகும். அவற்றின் மின்னோட்ட வேறுபாடுகள் சில பிகோஆம்பியருக்குள் அடங்கிவிடும், அதோடு இரைச்சலும் சேரும். ஆகவே குறி இருப்பது உறுதியாகத் தெரிந்த மாதிரிகளையும் இல்லாதது உறுதியாகத் தெரிந்த மாதிரிகளையும் கொடுத்து, நரம்பியல் வலையமைப்பு நிரல்களைப் பயிற்றுவிக்கிறார்கள். பயிற்சியில் காட்டாத குறியை அந்த நிரல் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது. தெரிந்த ஏதோ ஒன்றாக அதைப் படித்துவிட்டுப் போகும்.

இந்த முறைகளின் பெரிய வரம், நீளம். ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஒரே இழையில் எந்தெந்த இடங்களில் ஒன்றாகக் குறி இருக்கிறது என்று தெரியும்.

எண்ணைப் படிக்கும்போது

சோதனை முடிந்ததும் கையில் கிடைப்பது, ஒவ்வொரு சிபிஜி இடத்துக்கும் ஒரு சதவீதம். ஒரு தனி மூலக்கூறில் குறி இருக்கும் அல்லது இருக்காது; பாதிக் குறி என்று ஒன்று கிடையாது. சதவீதம் என்பது பல மூலக்கூறுகளின் சராசரி. நான்கு மூலக்கூறுகளை மட்டுமே படித்திருந்தால் 0, 25, 50, 75, 100 தவிர வேறு எண்ணே வராது. அத்தகைய தரவில் 25க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டை வைத்துக் கதை கட்டக் கூடாது.

50 சதவீதம் என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். மாதிரியில் பாதி செல்கள் ஒரு வகை, மீதி இன்னொரு வகையாக இருக்கலாம். அல்லது ஒவ்வொரு செல்லிலும் தாயிடமிருந்து வந்த குரோமோசோமில் குறி இருந்து, தந்தையிடமிருந்து வந்ததில் இல்லாமல் இருக்கலாம். 15ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இப்படித்தான்: தாய்வழிப் பிரதியில் மெத்தில் உண்டு, தந்தைவழிப் பிரதியில் இல்லை. அங்கே 50 சதவீதம் என்பது இயல்பு. மெத்தில் ஏறிய பிரதி மட்டுமே தெரிந்தால், தந்தைவழிச் செய்தி இல்லை. அது பிராடர்–வில்லி நோய்க்குறி. மெத்தில் இல்லாத பிரதி மட்டும் தெரிந்தால் ஏஞ்சல்மன் நோய்க்குறியைக் காட்டும். இரண்டும் முற்றிலும் வேறுபட்ட நோய்கள். ஒரே இடத்தில் ஒரே சோதனை இரண்டையும் பிரித்துக்காட்டிவிடுகிறது.

இரத்தத்தில் எடுத்த எண்களில் இன்னொரு கண்ணி உண்டு. இரத்தத்தில் பல வகை வெள்ளணுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறிக் கோலம். ஒருவருக்குத் தொற்று வந்து ஒரு வகை வெள்ளணு கூடினால், எந்தச் செல்லிலும் ஒரு மெத்தில்கூட மாறாமலே சராசரி மாறிவிடும். செல் விகிதத்தைக் கணக்கில் எடுக்காமல் "இந்த நோயில் மெத்தில் மாறுகிறது" என்று சொல்லும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

மனிதர், எலி போன்ற பாலூட்டிகளில் 6-மெத்தில்அடினின் இருப்பதாக 2016 முதல் வந்த அறிவிப்புகள் இதற்கு நல்ல பாடம். அந்தக் குறி பாக்டீரியாவில் ஏராளம். மாதிரியில் சிறிதளவு பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிக்கொண்டாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை நேர்மையாகக் காட்டும், ஆனால் யாருடையது என்று சொல்லாது. எதிர்ப்பொருள்களும் குறியில்லாத டிஎன்ஏவைக் கொஞ்சம் பற்றிக்கொள்ளும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, படித்த ஒவ்வொரு மூலக்கூறும் எந்த உயிரினத்துடையது என்று முதலில் பிரித்துவிட்டு அளந்தபோது, முன்பு சொன்ன அளவுகளில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. ஒருசெல் உயிரிகளான சில சிலியேட்டுகளில் அந்தக் குறி நிறைய இருப்பது மட்டும் அதே முறையிலும் உறுதியாகவே தெரிந்தது.

மருத்துவத்தில்

மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டிக்குத் தரும் டெமோசோலோமைடு மருந்து வேலைசெய்வதே காரங்களை மாற்றித்தான். அது குவானினின் 6ஆம் இடத்து ஆக்சிஜனில் ஒரு மெத்திலை ஒட்டிச் செல்லைத் தடுமாறவைக்கிறது. எம்ஜிஎம்டி என்ற புரதம் அந்த மெத்திலைப் பிடுங்கி எறிந்து, புற்றுசெல்லைக் காப்பாற்றிவிடும். சில கட்டிகளில் எம்ஜிஎம்டி மரபணுவின் புரமோட்டரில் சைட்டோசின்களில் மெத்தில் ஏறியிருக்கும். அந்தப் புரதம் உற்பத்தியாகாது. மருந்துக்கு எதிர்ப்பு குறையும். அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இந்த மருந்து கூடுதல் பலன் தருகிறது என்று 2005இல் காட்டப்பட்டது. இன்று இந்தக் கட்டியைப் பரிசோதிக்கும்போது அந்தப் புரமோட்டரைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குவானினில் மருந்து ஒட்டும் மெத்தில், சைட்டோசினில் செல் ஒட்டிய மெத்தில் என இரண்டு வேதி மாற்றங்கள் ஒரே சிகிச்சையில் சந்திக்கின்றன.

இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டு புற்றுநோயை முன்கூட்டியே காண்பதில்தான் இப்போது முயற்சிகள் வேகம் பிடித்திருக்கின்றன. செல்கள் இறக்கும்போது வெளியேறும் துண்டுகள் அவை; பெரும்பாலும் ஏறத்தாழ 167 எழுத்து நீளம். எழுத்து வரிசையை மட்டும் படித்தால், கல்லீரலிலிருந்து வந்த துண்டுக்கும் வெள்ளணுவிலிருந்து வந்த துண்டுக்கும் வேறுபாடு தெரியாது. குறிக் கோலத்தைப் படித்தால் தெரியும். ஒரே துண்டில் அடுத்தடுத்து நிற்கும் ஐந்தாறு சிபிஜிக்களும் சேர்ந்து ஒரு திசுவின் கோலத்தைக் காட்டினால், அது அந்தத் திசுவிலிருந்து வந்தது என்று சொல்லும் துணிவு பெருகும். ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் இத்தகைய டிஎன்ஏ சில நானோகிராம்தான் கிடைக்கும். அதில் கட்டியிலிருந்து வந்த பங்கு இன்னும் சொற்பம். பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் பைசல்பைட்டுக்கு இவ்வளவு சிறிய மாதிரியைக் கொடுக்க மனம் வராது. டிஎன்ஏவைச் சிதைக்காத நொதி முறைகள் மீது ஆய்வகங்கள் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.